கல் ஊன்றிய பிறகுதான் ஊருக்குத் தெரிகிறது

மனைப்பிரிவுக்கு அனுமதி தரும்முன் பல அலுவலகங்களைக் கேட்கிறார்கள். பக்கத்து வயல்காரரை மட்டும் கேட்பதில்லை. விராலிமலைப் பக்கம் ஒரு பார்வை.

திருச்சியிலிருந்து மதுரைச் சாலையில் முப்பது கிலோமீட்டர் போனால் விராலிமலை. பாறைக்குன்றின் மேல் ஆறுமுகன், அடிவாரமெங்கும் மயில், படையலில் சுருட்டு வைக்கிற வழக்கம். வெளியூர்க்காரர்களுக்கு நெடுங்காலம் இந்த ஊரைப் பற்றித் தெரிந்தது இவ்வளவுதான். பிறகு வார்ப்பாலை வந்தது. வடுகபட்டியில் ஐடிசியின் பெரிய நுகர்பொருள் ஆலை வந்தது. சாலை நான்கு வழியானது. ஆடு மேய்ந்த மானாவாரிக் காட்டுக்குத் திடீரென்று ‘பைபாஸ் டச்சிங்’ என்று பெயர் கிடைத்தது.

அதற்குப்பின் நடப்பதைத் தமிழ்நாட்டில் எந்த நெடுஞ்சாலை ஊர்க்காரரும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். ஒரு காலையில் ஜேசிபி வந்து கருவேலங்காட்டை வழிக்கும். சில நாட்களில் செம்மண் ரோடு விழும். வர்ணம் அடித்த கற்கள் வரிசையாக நிற்கும், கலர் கொடிகள் பறக்கும். ஒரு வளைவு எழும்: டிடிசிபி அப்ரூவ்டு, ரெரா பதிவு பெற்றது, வங்கிக் கடன் வசதி உண்டு. ஞாயிற்றுக்கிழமை வேனில் ஆட்களைக் கூட்டிவந்து மதியச் சாப்பாடும் போடுவார்கள். பக்கத்து வயல்காரருக்கு இதுதான் அறிவிப்பு. முறைப்படி அவருக்கு வேறு எந்தத் தாளும் வராது.

அவர் கேட்கிற முதல் கேள்வி எல்லா ஊரிலும் ஒன்றுதான்: “மழை பெஞ்சா இந்தத் தண்ணி எங்க போகும்?” பதில் தேடி ஊராட்சி அலுவலகம் போவார். அங்கிருந்து வட்டாட்சியர் அலுவலகம். அங்கிருந்து திங்கட்கிழமை மனுவோடு புதுக்கோட்டை ஆட்சியரகம். மனு மறுபடி வட்டாட்சியருக்கே வரும். எல்லா மேசையிலும் கிடைக்கிற பதிலின் சாரம்: அனுமதி முறைப்படி வழங்கப்பட்டுள்ளது.

இந்தப் பதில் பெரும்பாலும் உண்மை. சிக்கல் அந்த ‘முறை’யிலேயே இருக்கிறது.

யார் யாரைக் கேட்கிறார்கள்?

மனைப்பிரிவு போட விரும்புகிறவர் ஒற்றைச் சாளர இணையதளத்தில் விண்ணப்பிக்கிறார். பட்டா, புலப்படம், வில்லங்கச் சான்று, மூலப்பத்திரம் எல்லாம் இணைக்கிறார். வருவாய்த்துறையினர் நிலத்தைப் பார்த்து அறிக்கை தருகிறார்கள். நீர்நிலை அருகில் இருந்தால் நீர்வளத்துறை தடையின்மைச் சான்று தரவேண்டும். நஞ்சை என்றால் ஆட்சியர், வேளாண்துறை என்று இன்னும் சில கதவுகள் உண்டு. நகர் ஊரமைப்புத் துறை (டிடிசிபி) வரைபடத்தைத் திருத்தித் தொழில்நுட்ப ஒப்புதல் தருகிறது. சாலையையும் பூங்கா இடத்தையும் உரிமையாளர் உள்ளாட்சிக்குத் தானப்பத்திரம் எழுதிக்கொடுக்கிறார். கடைசியில் ஊராட்சி இறுதி அனுமதி தருகிறது. நிலத்தின் பரப்பு 500 சதுர மீட்டருக்கு மேல் என்றால் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்திலும் (ரெரா) பதிய வேண்டும்.

இத்தனை கதவுகளில் ஒன்றில்கூட “இந்த சர்வே எண்ணில் மனை போடப்போகிறோம், யாருக்காவது ஆட்சேபம் உண்டா?” என்று ஊரைக் கேட்கிற கட்டம் கிடையாது. நகரங்களுக்கு முழுமைத் திட்டம் தயாரிக்கும்போதும், அதில் நில உபயோகத்தை மாற்றும்போதும் ஆட்சேபம் கேட்டு விளம்பரம் கொடுப்பார்கள். தனியொரு மனைப்பிரிவுக்கு அது கிடையாது.

இங்கிலாந்தில் யாராவது வீடு கட்ட விண்ணப்பித்தாலே, இடத்தில் அறிவிப்பு ஒட்டியோ அக்கம்பக்கத்துக்குக் கடிதம் போட்டோ கருத்துச் சொல்ல 21 நாள் தருகிறார்கள். அயர்லாந்தில் ஐந்து வாரம். அங்கே ஆட்சேபம் தெரிவிக்க 20 யூரோ கட்டணமும் உண்டு; காசு கட்டி ஆட்சேபித்தவருக்குப் பிற்பாடு மேல்முறையீட்டு உரிமை இருக்கிறது. இப்படிக் கேட்பதால் அங்கெல்லாம் வீடே கட்ட முடியாமல் போகிறது, வாடகை ஏறுகிறது என்று அந்நாட்டுக்காரர்களே புலம்புகிறார்கள். அதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் எல்லாரையும் கேட்டுக் கெடுவதற்கும் ஒருவரையும் கேட்காமல் கெடுவதற்கும் நடுவே கொஞ்சம் இடம் இருக்கத்தான் செய்கிறது.

பெரிய திட்டம் என்றால் மக்கள் கருத்துக்கேட்பு நடக்குமே என்று நினைக்கலாம். நடக்காது. 2006 செப்டம்பர் 14 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை கட்டடங்களையும் நகரியங்களையும் தனி இனமாக வைத்து, அவற்றுக்கு மக்கள் கருத்துக்கேட்பிலிருந்து விலக்குத் தந்திருக்கிறது. ஆயிரக்கணக்கான வீடுகள் வந்தாலும் சட்டப்படி ஊரைக் கூட்டிக் கேட்கத் தேவையில்லை. சென்னையிலேயே பாருங்கள். 2022இல் ராம்சார் தகுதி பெற்ற பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை ஒட்டிப் பெரும்பாக்கத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் கொண்ட அடுக்குமாடித் திட்டத்துக்கு அனுமதி கொடுத்தார்கள். 2025 அக்டோபரில் அறப்போர் இயக்கம் ஆவணங்களை வெளியிட்ட பிறகுதான் விஷயம் பொதுவெளிக்கு வந்தது. அம்மாத இறுதியில் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. தலைநகரில், தொலைக்காட்சிக் கேமராக்களுக்கு நடுவிலேயே ஊர் கடைசியாகத்தான் தெரிந்துகொள்கிறது. விராலிமலைக்குப் பக்கத்துக் குக்கிராமத்தைச் சொல்லவா வேண்டும்?

காகிதத்தில் இல்லாத ஓடை

புதுக்கோட்டை மாவட்டத்துக்குக் காவிரி ஓரப்பார்வைதான் பார்க்கிறது. கல்லணைக் கால்வாயின் கடைமடை கிழக்குப் பகுதிக்கு எட்டுகிறது. மேற்கில் விராலிமலை, இலுப்பூர், அன்னவாசல் பக்கம் வானம் பார்த்த பூமி. அதனால்தான் முன்னோர்கள் மாவட்டம் முழுக்க 5,000க்கும் அதிகமான கண்மாய்களையும் குளங்களையும் வெட்டி வைத்தார்கள். ஒன்று நிரம்பிக் கலிங்கு வழியே வழிந்தால் அடுத்ததுக்குப் போகும். அது நிரம்பினால் அதற்கடுத்தது. காவிரி–வைகை–குண்டாறு இணைப்புக் கால்வாய்க்கு 2021 பிப்ரவரி 21இல் அடிக்கல் நாட்டியதும் இதே விராலிமலை வட்டத்தின் குன்னத்தூரில்தான். கால்வாய் வரும்போது வரட்டும். அதுவரை கண்மாய்க்கு நீர் வருவது சுற்றியுள்ள மேட்டுக்காடுகளிலிருந்து.

அந்த மேட்டுக்காடுகளில்தான் மனை போடுகிறார்கள். சட்டத்தின் கண்ணுக்கு அது பொருத்தமான இடம். புஞ்சை, பல வருடமாகத் தரிசு, யாருக்கும் பாசன உரிமை இல்லை. கோப்பில் எல்லாம் சுத்தமாக இருக்கும்.

ஊர்க்காரரின் கண்ணுக்கு அது கண்மாயின் வரத்துப் பகுதி. மழை பெய்தால் அந்த மேட்டிலிருந்து தண்ணீர் பல கிளைகளாக இறங்கி, ஒரு பள்ளத்தில் சேர்ந்து, வரத்துவாரியாகிக் கண்மாய்க்குப் போகும். இதில் வருவாய்த்துறைப் பதிவேட்டில் இருப்பது கடைசித் துண்டு மட்டும்தான். ஓடைப் புறம்போக்கு என்று தனி சர்வே எண் பெற்ற வாய்க்கால் புலப்படத்தில் இருக்கும். பட்டா நிலத்துக்குள் ஓடுகிற சின்னச் சின்னப் பள்ளங்கள் இருக்காது. 1980களில் நடந்த நில உடைமைப் பதிவேடு மேம்பாட்டுத் திட்டத்தில், ‘யுடிஆர்’ என்று சொன்னால்தான் பலருக்குப் புரியும், விடுபட்டவையும் மாறிப்போனவையும் எத்தனையோ. அந்தப் பிழைகளைத் திருத்தச் சொல்லி இன்றும் கோட்டாட்சியர் அலுவலகங்களுக்கு மனுக்கள் போய்க்கொண்டிருக்கின்றன.

ஆகவே நிலத்தைப் பார்க்க வந்த அலுவலர் “இந்தப் புலத்தில் நீர்வழி ஏதும் இல்லை” என்று எழுதினால் அவர் பொய் எழுதவில்லை. புலப்படத்தில் இல்லை, எழுதினார். ஒவ்வொரு காகிதமும் உண்மை பேசும். கண்மாய் மட்டும் வறண்டுபோகும். தமிழ்நாட்டு மனைப்பிரிவுச் சண்டைகளில் ஊழல் ஒரு பாதி என்றால் இது இன்னொரு பாதி. இந்த இரண்டாம் பாதியைப் பற்றி யாரும் மேடையில் பேசுவதில்லை. திட்டுவதற்கு அதில் ஆள் கிடைக்காது.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஐந்து ஏக்கர் மனைப்பிரிவு என்று வைத்துக்கொள்வோம். சுமார் 20,000 சதுர மீட்டர். ஒரு ராத்திரியில் ஐந்து சென்டிமீட்டர் மழை. ஐப்பசியில் இது பெரிய மழையே அல்ல. அந்த ஐந்து ஏக்கரில் மட்டும் விழுவது 10 லட்சம் லிட்டர். காடாக இருந்தவரை பாதியாவது மண்ணுக்குள் இறங்கி, மிச்சம் மெல்ல நகர்ந்து கண்மாய்க்குப் போயிருக்கும். தார்ச்சாலையும் தளம் போட்ட முற்றமும் சுற்றுச்சுவரும் வந்தபிறகு மண்ணுக்குள் இறங்குவது குறையும், ஓட்டம் கூடும். சுவர் எங்கே திருப்புகிறதோ அந்தப் பக்கம் போகும். அந்தப் பக்கம் பெரும்பாலும் பழைய ஊரின் தாழ்வான தெரு.

தண்ணீர் வருவதில் ஒரு கணக்கு என்றால் தண்ணீர் கொடுப்பதில் இன்னொன்று. அந்த ஐந்து ஏக்கரில் சாலை, பூங்கா போக 1,200 சதுர அடி மனைகளாகப் பிரித்தால் ஏறத்தாழ 120 மனை தேறும். 120 வீடு, வீட்டுக்கு நாலு பேர், ஜல் ஜீவன் திட்ட அளவான ஆளுக்கு 55 லிட்டர். ஒரு நாளைக்கு 26,000 லிட்டருக்கு மேல். கிராமத்தில் நாம் பார்க்கிற வழக்கமான 30,000 லிட்டர் மேல்நிலைத் தொட்டி ஒன்று முழுக்க இவர்களுக்கே வேண்டும். மனை விற்றவர் போர் போட்டு ஒரு சின்டெக்ஸ் வைத்துவிட்டுப் போயிருப்பார். அது வற்றுகிற கோடையில் புதுக்குடியிருப்பும் பழைய ஊரும் ஒரே குழாயடியில் சந்திக்கும்.

இதில் இன்னொரு முடிச்சு உண்டு. மனை வருவது ஓர் ஊராட்சியில், வறண்டுபோகும் கண்மாய் அடுத்த ஊராட்சியில் என்று அடிக்கடி அமைந்துவிடும். கண்மாய்ச் சங்கிலிக்கு ஊராட்சி எல்லை தெரியாது. இறுதி அனுமதியில் கையெழுத்திடுகிற ஊராட்சிக்கு வீட்டுவரி வருகிறது. ஆயக்கட்டை இழக்கிற ஊராட்சிக்கு அந்தக் கோப்பைக் கண்ணால் பார்க்கக்கூட வாய்ப்பில்லை. இருவரையும் ஒரே மேசையில் உட்காரவைக்க வேண்டிய இடம் ஊராட்சி ஒன்றியம். மனைப்பிரிவு வரைபடம் எதுவும் அங்கே விவாதத்துக்கு வருவதில்லை.

பஞ்சாயத்து அப்ரூவல் என்றொரு காலம்

ஊராட்சிகள் இப்போது “எங்கள் கையில் என்ன இருக்கிறது?” என்று கேட்கின்றன. ஒருகாலத்தில் எல்லாமே அவர்கள் கையில்தான் இருந்தது. அதாவது இருப்பதாக நடந்துகொண்டார்கள்.

1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டம் வந்து பல பத்தாண்டுகள் ஆனபின்னும் கிராமங்களில் ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ கொடிகட்டிப் பறந்தது. தலைவர் ஒரு வரைபடத்தில் முத்திரை குத்திக் கையெழுத்துப் போடுவார், அது போதும். நகர் ஊரமைப்புத் துறையின் ஒப்புதல் இல்லாமல் மனைப்பிரிவுக்கு அனுமதி தரத் தலைவருக்கு அதிகாரம் இல்லை என்று அரசு சுற்றறிக்கைகள் போட்டுக்கொண்டே இருந்தது. பத்திரப்பதிவு அலுவலகமோ எதையும் கேட்காமல் பதிந்துகொண்டிருந்தது. வாங்கியவர் கையில் பத்திரம், பட்டா இரண்டும் இருக்கும். சாலை அகலம் பன்னிரண்டு அடி. பூங்கா என்று குறித்த இடமும் சில ஆண்டுகளில் மனையாகி விற்றுப்போகும்.

இதை நிறுத்தியது ஒரு பொதுநல வழக்கு. விளைநிலங்களும் நீர்நிலைகளும் மனைகளாவதை எதிர்த்து வழக்கறிஞர் ‘யானை’ ராஜேந்திரன் தொடுத்த வழக்கில், 2016 செப்டம்பர் 9 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்யக்கூடாது என்று உத்தரவிட்டது. மாநிலம் முழுக்கப் பத்திரப்பதிவு ஸ்தம்பித்தது. மகள் கல்யாணத்துக்கு மனையை விற்க நினைத்தவரும் தரகரும் ஒரே வரிசையில் தவித்தார்கள். அங்கீகாரமற்ற மனைகளின் பதிவைத் தடுக்கிற, பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு அந்த ஆண்டு அக்டோபர் 20இல் நடைமுறைக்கு வந்தது. 2017 மே 4இல் வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தன: அந்த அக்டோபர் 20க்கு முன் ஒரு மனையாவது விற்றுப் பதிந்திருந்தால் அந்த மனைப்பிரிவைக் கட்டணம் கட்டி வரன்முறை செய்யலாம். நீர்நிலையிலோ புறம்போக்கிலோ விழுந்தவற்றுக்குக் கிடையாது. கடைசித் தேதியைப் பிறகு பலமுறை நீட்டித்தார்கள்.

தேதிகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று உறுத்துகிறது. 22-ஏ பிரிவு வந்த நான்காவது நாள், 2016 அக்டோபர் 24இல், உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் முடிந்தது. தேர்தல் அறிவிக்கையை உயர் நீதிமன்றம் அதற்கு முன்பே ரத்து செய்திருந்தது. கிராமங்களில் மறுபடி வாக்குப்பதிவு நடந்தது 2019 டிசம்பர் 27லும் 30லும். எந்த மனைப்பிரிவை வரன்முறை செய்வது, எதை மறுப்பது என்று ஊரெல்லாம் முடிவாகிக்கொண்டிருந்த மூன்று ஆண்டுகள், கிராமத்தில் கேள்வி கேட்க வார்டு உறுப்பினர்கூட இல்லை. தனி அலுவலர்கள் இருந்தார்கள். 2025 ஜனவரி 5இல் புதுக்கோட்டை உட்படப் பெரும்பாலான மாவட்டங்களில் கிராம ஊராட்சிகளின் பதவிக்காலம் மீண்டும் முடிந்தது. மீண்டும் தேர்தல் இல்லை, மீண்டும் தனி அலுவலர். வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவரே ஒன்றியத்தின் அத்தனை ஊராட்சிகளுக்கும் தலைவரின் நாற்காலியில் உட்காரும் ஏற்பாடு இது. அவர் நல்லவராகவே இருக்கட்டும். மேட்டுக்காட்டுப் பள்ளம் எந்தப் பக்கம் ஓடும் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

ஊர்க்காரர் எதிர்ப்பதெல்லாம் நியாயமா?

இதை எழுதாமல் விட்டால் கட்டுரை அரைக்கிணறுதான். புது மனைப்பிரிவை எதிர்க்கிற குரல்களில் தண்ணீர், சாலை, சாக்கடை பற்றியவை ஒரு பகுதி. இன்னொரு பகுதி வேறு. “யார் யாரோ வந்து குடியேறுவாங்க” என்ற பேச்சில் அந்த ‘யாரோ’ யார் என்பது சொல்கிறவருக்கும் கேட்கிறவருக்கும் தெரியும். ஆதிதிராவிடர்களுக்கு இலவச வீட்டுமனை ஒதுக்க அரசு நிலம் எடுக்கும்போது, அதே இடத்தில் திடீரென்று மேய்ச்சல் நிலமும் சுடுகாட்டுப் பாதையும் சாமி பீடமும் முளைப்பதைத் தமிழ்நாட்டுக் கிராமங்கள் பலமுறை பார்த்திருக்கின்றன. அந்த மனுக்களிலும் நீர்வழிதான் எழுதியிருக்கும்.

இரண்டையும் பிரிப்பது சுலபமில்லை, ஆனாலும் ஒரு சோதனை உண்டு. ஆட்சேபத்துக்குத் தீர்வு சொன்னால் மனுதாரர் ஏற்றுக்கொள்கிறாரா? வரத்துவாரியை வரைபடத்தில் சேர்த்து, அதன் அகலத்தை விட்டு, குழாய்ப்பாலம் போட்டுத் தந்தால் போதும் என்கிறவர் தண்ணீருக்காக நிற்கிறார். என்ன செய்தாலும் வேண்டாம் என்கிறவருக்கு வேறு கணக்கு இருக்கிறது.

மனை வாங்குகிறவர்களையும் வில்லன்களாக்க முடியாது. ஆலையில் ஷிப்டு வேலை பார்ப்பவர், திருச்சியில் வாடகை கட்டி அலுத்தவர், சிங்கப்பூரில் கட்டட வேலை பார்த்துக் காசு அனுப்புகிறவர், சுயஉதவிக் குழுவில் சேர்த்த பணத்தில் அரை கிரவுண்டு வாங்கும் பெண். வளைவில் எழுதியிருப்பதை நம்பித்தான் வாங்குகிறார்கள். வீடு கட்டிய இரண்டாம் ஐப்பசியில் வாசலில் தண்ணீர் நிற்கும்போது அவர்களும் அதே ஊராட்சி அலுவலகத்தில் மனுவோடு நிற்பார்கள். நிலத்தை விற்றவரும் உள்ளூர் ஆள்தான். மானாவாரியில் கடலை போட்டு மயிலுக்கும் பன்றிக்கும் கொடுத்தது போக மிஞ்சியதில் குடும்பம் ஓடவில்லை, விற்றார். மயில் நமக்கு முருகன் வாகனம், வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணைப் பறவை. விதைத்தவருக்கு அது வேறு.

ஊராட்சியின் கையில் இருப்பது

“டிடிசிபி கொடுத்துவிட்டது, நாங்கள் என்ன செய்ய?” என்ற பதிலுக்குத் திரும்புவோம். ஊராட்சி ஒரு தபால்பெட்டி இல்லை. அதன் கையில் குறைந்தது ஒரு பிடி இருக்கிறது, அது தானப்பத்திரம்.

2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலை நீங்கலாக 10 சதவீதத்தைப் பொது ஒதுக்கீட்டு இடமாக விட வேண்டும். 10,000 சதுர மீட்டர் வரை இடத்துக்குப் பதில் பணம் கட்ட வழி உண்டு. அதற்கு மேல் போனால் இடமாகத்தான் கொடுக்க வேண்டும். நாம் கணக்குப் போட்ட ஐந்து ஏக்கரில் இது ஏறத்தாழ 37 சென்ட். இந்த இடமும் எல்லாச் சாலைகளும் ஊராட்சியின் பெயருக்கு வருகின்றன. வாங்குகிற ஊராட்சி, வாங்கும் பொருளைப் பார்த்து வாங்கலாமே? பூங்கா இடம் வரைபடத்தின் எந்த மூலையில் இருக்கிறது? பள்ளத்தில், யாரும் மனையாக வாங்க மாட்டார்கள் என்பதால் ஒதுக்கியதா? சாலை மட்டம் பழைய தெருவைவிட எத்தனை அடி உயரம்? மழைநீர் வடிகால் எங்கே போய் முடிகிறது? பக்கத்து வேலிவரை என்றால் அந்த வேலிக்கு அப்பால் யார்?

இதையெல்லாம் ஊராட்சி எழுத்தில் கேட்டால் கோப்பு நிற்கும், வரைபடம் திருத்தலாகும். பெரும்பாலும் கேட்பதில்லை. பத்திரம் பதிந்து அலமாரிக்குப் போகிறது. சில வருடம் கழித்துப் பூங்கா இடத்தில் யாரோ கீற்றுக்கொட்டகை போட்டால், அது ஊராட்சியின் சொத்து என்பதே புது எழுத்தருக்குத் தெரிந்திருக்காது.

பூங்காவைக் காப்பாற்றக் குடியிருப்போர் வழக்குப் போட முடியுமா என்றால், முடியும். பெங்களூரில் பூங்காவுக்கென ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்ததை அப்பகுதி மக்கள் எதிர்த்தார்கள். ‘உங்களுக்கு என்ன நஷ்டம்?’ என்ற வாதத்தைத் தள்ளி, வழக்குத் தொடுக்க அவர்களுக்கு உரிமை உண்டு என்று 1991இல் உச்ச நீதிமன்றம் சொன்னது; ஒதுக்கீடும் செல்லாமல் போனது. ஊர்ப் பொது நிலங்களை ஆக்கிரமித்துவிட்டு வரன்முறை கேட்கக்கூடாது என்று 2011 ஜனவரியில் ஜக்பால் சிங் வழக்கில் இன்னும் கறாராகச் சொன்னது. தமிழ்நாட்டுக்கு 2007இலேயே ஏரி, குளங்களைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் தனிச் சட்டம் இருக்கிறது. புதுக்கோட்டைக்காரருக்கு உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இரண்டு மணி நேரத் தூரம்.

ஆனால் இவை எல்லாமே கல் ஊன்றிய பிறகு போகிற வழிகள். அதற்குள் பாதி மனை விற்றிருக்கும், நாலு வீட்டுக்கு அஸ்திவாரம் விழுந்திருக்கும். நீதிபதியின் முன் நிற்பது தரகர் அல்ல, வங்கிக் கடனோடு ஒரு குடும்பம். வரத்துவாரியை மீட்கச் சொல்லும் தீர்ப்பின் பேனா அங்கேதான் தயங்குகிறது.

வீடு கட்டும் அனுமதியில் ஊராட்சிக்கு இருந்த பிடியும் தளர்ந்துவிட்டது. 2024 ஜூலையிலிருந்து 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடிக்குள் வீடு கட்டுகிறவர் சுயசான்று தந்து இணையத்தில் உடனடி அனுமதி பெறலாம். சாமானியருக்கு இது பெரிய வரம். ஒரு கையெழுத்துக்காகப் பல நடை நடந்த காலம் போனது. அதேசமயம், வீடு எழும்பும் கட்டத்தில் நிறுத்திக் கேட்கலாம் என்ற நம்பிக்கையும் போனது. மிஞ்சியது மனைப்பிரிவுக் கட்டம் மட்டும்.

கிராம சபையில் வாசிக்கலாமே

வருடத்துக்கு ஆறு கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தனி அலுவலர் காலத்திலும் அவை கூடத்தான் செய்கின்றன. ஒவ்வொன்றிலும் கொசு ஒழிப்பு, பிளாஸ்டிக் தடை, வரவு செலவு என்று மேலிருந்து வந்த பொருள்பட்டியலை வாசிக்கிறார்கள். அதில் ‘ஊராட்சி எல்லைக்குள் விண்ணப்பித்துள்ள மனைப்பிரிவுகள்’ என்று ஒரு வரி இருப்பதில்லை. சர்வே எண், பரப்பு, விண்ணப்பதாரர், இவ்வளவுதான் வாசிக்க வேண்டியது. கேட்ட மாத்திரத்தில், “அந்த நம்பர்லதான நம்ம வாரி போகுது?” என்று ஒரு பெரியவர் எழுந்துவிடுவார். அந்த ஒரு வாக்கியம் எந்தப் புலப்படத்திலும் இல்லை.

கிராம சபைத் தீர்மானம் சட்டப்படி எதையும் தடுக்காது என்பதும் தெரிந்ததுதான். ஒடிசாவின் நியமகிரியில் 2013இல் பன்னிரண்டு கிராம சபைகள் வேண்டாம் என்றன, சுரங்கம் நின்றது. அங்கே வன உரிமைச் சட்டமும் உச்ச நீதிமன்ற உத்தரவும் பின்னால் நின்றன. பரந்தூர் விமான நிலையத்துக்கு எதிராக ஏகனாபுரம் கிராம சபை எத்தனையோ முறை தீர்மானம் போட்டது, நிலமெடுப்பு நிற்கவில்லை. இங்கே காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதற்கு 2023 ஏப்ரலில் விவாதமின்றி நிறைவேறிய நில ஒருங்கிணைப்புச் சட்டமே போதும். 100 ஹெக்டேருக்குக் குறையாத சிறப்புத் திட்டங்களுக்கு, நீர்நிலை உள்ள அரசு நிலங்களையும் சேர்த்து மாற்றிக்கொள்ள அது வழிசெய்கிறது.

ஆகவே நான் கேட்பது தடுக்கும் அதிகாரம் அல்ல. அதைக் கேட்டால் முதலில் பலியாவது இலவச மனைப்பட்டாதான் என்பது மேலே சொன்ன காரணத்தால் எனக்கு நிச்சயம். ஊருக்கு வேண்டியது தகவலும் முப்பது நாளும். விண்ணப்பம் ஏற்கப்பட்ட அன்றே அந்த நிலத்தில் சர்வே எண்ணோடு ஒரு பலகை. மனை விற்க அத்தனை பெரிய வளைவு கட்டுகிறவருக்கு இது செலவே இல்லை. ஊராட்சி அலுவலகத்திலும், கண்மாய்ச் சங்கிலியில் அடுத்து வருகிற ஊராட்சியின் அலுவலகத்திலும் வரைபடத்தின் நகல். முப்பது நாளுக்குள் வருகிற ஆட்சேபம் ஒவ்வொன்றுக்கும் ஏற்றோம் அல்லது இன்ன காரணத்தால் மறுத்தோம் என்று எழுத்தில் பதில். காலதாமதம் ஆகும் என்று கட்டுமானத் துறையினர் சொல்வார்கள். நீர்வளத்துறைச் சான்றும் வருவாய்த்துறை அறிக்கையும் வந்து சேர எடுக்கிற காலத்துக்குள்ளேயே இந்த முப்பது நாளும் ஓடிவிடும். சட்டத்திருத்தம்கூட வேண்டாம், விதியில் ஒரு சேர்க்கை போதும்.

அதுவரை? பட்டாவும் புலப்படமும் அரசின் இணையதளத்தில் யாரும் பார்க்கலாம். ஊரில் படித்த பிள்ளைகள் கையில் போன் இருக்கிறது. மழை பெய்கிற நாளில் மேட்டுக்காட்டிலிருந்து கண்மாய்வரை தண்ணீர் வரும் வழியோடு நடந்து, சர்வே எண் வாரியாக வீடியோ எடுத்து வைக்கலாம். அந்தப் பட்டியலை அடுத்த கிராம சபையில் தீர்மானமாகப் பதிந்து, அதன் நகலை மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்கும் நீர்வளத்துறைக்கும் பதிவுத்தபாலில் அனுப்பிவிட்டால், அந்த சர்வே எண்ணுக்கு நாளை விண்ணப்பம் வரும்போது “நீர்வழி ஏதும் இல்லை” என்று எழுதப்போகிற அலுவலர், எதிரே இருக்கும் தபாலுக்கும் ஒரு பதில் எழுதித்தான் ஆகவேண்டும்.